மேல்வரும்படி இல்லாத மாப்பிள்ளை

பட்டணத்துக்குப் போனவன் என்ன வேலை பார்க்கிறான் என்று எங்கள் ஊரான கம்பத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். சம்பளம் எம்புட்டு என்றுதான் கேட்பார்கள். நான் அப்போது சென்னையில் ஒரு காண்டிராக்டரிடம் கட்டட மேற்பார்வை பார்த்தேன். கொத்தனார், சித்தாள், மணல் வண்டி, செங்கல் எல்லாம் என் கண் முன்னால்தான் வந்து போக வேண்டும். மாதம் முப்பத்தைந்து ரூபாய். ஊரில் அது பெரிய தொகை. பட்டணத்தில் ஓட்டல் சாப்பாடும் அறை வாடகையும் கொடுத்து, அம்மாவுக்குப் பத்து ரூபாய் மணியார்டர் அனுப்பினால், மிச்சம் வெற்றிலை பாக்குக்குக் காணும்.

அந்த ஐப்பசியில் லீவு போட்டு ஊருக்கு வந்ததே மாமன் மகளைப் பெண் கேட்கத்தான். சின்ன வயதிலிருந்தே எனக்கென்று பேசி வைத்த பெண். கேட்பது வெறும் சடங்கு என்று நினைத்துப் போனேன், மடையன்.

கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தவள், குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டாள். நான் வேலை பார்க்கும் மாடியிலிருந்து கடல் தெரியுமா என்றாள். தெரியும், கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்றேன். அவள் சிரித்ததை இந்த வயதிலும் என்னால் மறக்க முடியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மாமா ஆரம்பித்தார். முப்பத்தைந்து என்றதும் தலையாட்டினார். பிறகு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சம்பளம் கெடக்கட்டும் மாப்ள. மேல்வரும்படி எம்புட்டு?"

செங்கல் எண்ணிக்கையைக் கூட்டி எழுதச் சொல்லி வண்டிக்காரன் ஒருவன் என் சட்டைப் பையில் ரூபாயைத் திணித்ததையும், அதை அவன் முன்னாலேயே வீசி எறிந்ததையும் பெருமையாகச் சொன்னேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. செங்கலும் இரும்பும் கையில் இருந்தும் பிழைக்கத் தெரியாதவனை நம்பிப் பெண்ணை எப்படி அனுப்புவது, முப்பத்தைந்து பட்டணத்தில் எந்த மூலைக்கு என்றார். கேட்டது நியாயம்தான், அந்தக் கணக்கைத் தினமும் போட்டுப் பார்த்தவன் நான். ஆனாலும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. திருட்டுக் காசு தின்னும் மருமகனாகப் பார்த்துக் கட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கதவோரம் நின்றவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா என் பேச்சைத் தட்டவில்லை. தை மாதமே மலைமேல் ஏலத் தோட்டத்துக் கங்காணி ஒருவனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அவனுக்குச் சம்பளம் இருபதுதான். மேல்வரும்படி தாராளம்.

அதன்பிறகு எத்தனையோ மாடிகள் எழும்பின. மேல்தளத்துக்கு ஏறும்போதெல்லாம் கடல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன். முடியாது. பார்த்ததும், பக்கத்தில் அவள் இல்லையே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். சம்பளம் ஐந்தைந்தாக ஏறியது. ஒவ்வொரு தடவையும், இதைச் சொல்லியிருந்தால் மாமா பெண் கொடுத்திருப்பாரா என்று யோசிப்பேன். சீ என்று இருக்கும்.

பல வருசம் கழித்துக் குச்சனூர்க் கோயிலில் அவளைப் பார்த்தேன். புருஷனும் பிள்ளைகளும் முன்னால் போயிருந்தார்கள். நான்தான் பழைய பேச்சை எடுத்தேன். எல்லாம் உன் அப்பாவால் வந்தது என்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"அப்பாவும் நீங்களும் ஒங்களுக்குள்ளயே பேசி முடிச்சிட்டீக மச்சான். முப்பத்தஞ்சு போதும்னு நான் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் என்னையக் கேக்கல."

அப்போது என் சம்பளம் எழுபது. அதை அவள் கேட்கவில்லை. கடல் இன்னமும் தெரிகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பிள்ளைகளைத் தேடிப் போனாள்.