பழைய நோட்டும் சமையல்கார அக்காவும்

சுற்றுலா போகும் கூட்டத்தோடு வெளிநாடு போய்ச் சமைத்துப் போடுவதுதான் அக்காவின் வேலை. மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவள் அக்காதான். பதினோரு வருஷத்தில் முத்திரை குத்தியே இரண்டு பாஸ்போர்ட் தீர்ந்துவிட்டன. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் எந்த நாட்டுச் சந்தையிலும் கால்குலேட்டரை நீட்டி விலை பேசிவிடுவாள்.

அந்தத் தடவை முப்பத்திரண்டு பேர். மூன்றாம் நாள் காலை அவளும் மேனேஜரும் காய்கறி வாங்கப் போனார்கள். கடைக்காரி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேண்டாமென்று தலையாட்டினாள். கல்லாவிலிருந்து அதே மதிப்புள்ள இன்னொரு நோட்டை எடுத்துக் காட்டினாள். நிறமும் வேறு, படமும் வேறு. பிறகு தெருமுனை வங்கியைக் கைகாட்டினாள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று, ஊரில் தெரிந்தவர் ஒருவரிடம் மேனேஜர் வாங்கி வந்த கட்டு அது. முழுக்கப் பழைய அச்சு நோட்டு, கடைகளில் இப்போது வாங்குவதில்லை.

"போச்சு அக்கா! மொத்தமும் குப்பையா?"

"வங்கியைக் காட்டுறா, பாருங்க. கள்ள நோட்டுன்னா போலீஸையில்ல காட்டியிருப்பா!"

அதற்குள் மேனேஜர் எதிரே இருந்த பணம் மாற்றும் கடைக்கு ஓடிவிட்டார். 'கமிஷன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் பலகை. அக்கா பின்னாலேயே போய், நூறு என்று அடித்துக் கால்குலேட்டரைக் கடைக்காரனிடம் நீட்டினாள். கைக்கு எவ்வளவு வரும் என்று சைகையில் கேட்டாள். அவன் அறுபது என்று அடித்தான்.

"கமிஷன் இல்லையாம், கழுத்தைத்தான் அறுப்பானாம். வாங்க போலாம்."

வங்கியில் பாஸ்போர்ட் கேட்டார்கள். மேனேஜருடையது ஓட்டல் அறையில் இருந்தது. அக்கா இடுப்புப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கொடுத்து, படிவத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். நோட்டுகள் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குள் போய் வந்தன. மை கொட்டிய ஒன்றை மட்டும் திருப்பிவிட்டார்கள். மீதி அத்தனைக்கும் முழு மதிப்பு கிடைத்தது.

"பாதியைச் சின்ன நோட்டா கேளுங்க. சந்தையில பெருசை நீட்டினா சில்லறைக்கு அலையணும். ரசீதும் வேணும்."

அன்று மதியச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம். முணுமுணுத்தவர்களும் இரண்டாவது முறை தட்டை நீட்டினார்கள்.

அடுத்த பயணத்துக்குப் பணம் மாற்ற மேனேஜர் அவளையும் கூட்டிப் போனார், இந்தத் தடவை வங்கிக்கு. அக்கா ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேனேஜர் ரசீது கேட்டு வாங்கினார்.