பறிக்கயிற்றைக் கடித்தபடி ஆட்டிய தலை

பழவேற்காடு ஏரியில் கையால் துழாவி இறால் பிடிப்பதுதான் எங்கள் ஊர்ப் பெண்களின் பிழைப்பு. இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும் என்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். வியாபாரி கரையில் நின்று விலை சொன்னாலும் தலையாட்டல்தான் எங்கள் பதில்.

எங்கள் ஊராட்சியில் திட்டம் வரைய ஆளில்லை. அதனால் படகுத்துறை கட்ட, மண்டலத் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். "இங்கியே கட்டலாமாக்கா?" என்று கரையிலிருந்து கேட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற எல்லோரும் தலையாட்டினோம். அதிகாரிகளுக்கு வேண்டியது எங்கள் சம்மதம்தானே, வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையோடு தண்ணீரில் இறங்கி, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வாயில கயிறு இருக்கும்போது ஆட்டுன தலைய நான் சம்மதம்னு எடுத்துக்க மாட்டேன். எடுத்துட்டுச் சொல்லுங்கக்கா."

கயிற்றை எடுத்தேன். "இன்னாத்த சொல்றது மேடம்? எங்களுக்கு ஏது படகு? தண்ணிலேர்ந்து அப்டியே ஏறி வர்ற மாதிரி படி வேணும். இறால வச்சிட்டு ஒக்கார நெழலு வேணும்" என்றேன். அக்கம்பக்கத்தில் ஒவ்வொருத்தியாகக் கயிற்றை எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள்.

அதிகாரி மீன்வளத் துறையையும் ஊராட்சியையும் அதே கரைக்கு வரவழைத்து, வரைபடத்தை மாற்றிவிட்டார்.

படகுத்துறை திறந்த அன்று படகுகள் ஒரு பக்கம் அணைய, மறுபக்கப் படிகளில் நாங்கள் ஏறினோம். கொட்டகை நிழலில் பறியை வைத்ததும், வியாபாரி வழக்கம்போலத் தானே விலை சொன்னார்.

"அந்த வெலைக்கு இல்லண்ணா" என்றேன். எங்கள் விலையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அன்று தலையாட்டியவர் வியாபாரிதான்.