யேரோவின் ரப்பர் மாடுகள்

யேரோவுக்குச் சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் ஆணி குத்திய புண். அந்தப் புண்ணோடு ஹான் கடற்கரைச் சாக்கடையில் முழங்கால் வரை இறங்கி, பிய்ந்த ரப்பர் செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கால் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

டக்கார் நகரம் கழித்துவிடுகிறதெல்லாம் எங்கள் கரையில்தான் ஒதுங்கும். மீன் குடல், ஆட்டு ரத்தம், குழந்தைகளின் மலத்துணி. தண்ணீர் கறுப்பு, மேலே எண்ணெய்ப் படலம். சுகாதார நிலையத்தில் உதவிச் செவிலியாக இருந்தபோது என் கை தொடாத அசிங்கம் இல்லை. அந்தத் தண்ணீரை மட்டும் தொடமாட்டேன்.

யேரோ உள்நாட்டு மேய்ச்சல் பக்கத்து ஃபுல்பே, மாடு மேய்க்கிற இனம். மழை பொய்த்து மாடுகள் செத்ததும் இங்கே வந்து ஐஸ் பேக்டரியில் கட்டி சுமந்தான். முதுகு போன பிறகு மாடு செய்ய ஆரம்பித்தான். இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் செருப்புத் துண்டுகளை வலை நூலால் தைத்த தோல், மோட்டார் சைக்கிள் கைப்பிடிகளை வளைத்த கொம்பு. செத்த மாடுகளின் பேரையே இவற்றுக்கும் வைத்தான். பேர் வைத்தால் நாற்றம் போகுமா? செருப்பு ஓட்டைகளில் செத்த சிப்பி இருக்கும். வெயில் ஏறினால் முற்றத்தில் ஈ மொய்க்கும். அவன் மனைவி ராக்கி, பக்கத்து வீட்டில் போய்ச் சமைத்தாள்.

எங்கள் செரேர் இனத்துக்கும் ஃபுல்பேக்களுக்கும் கேலி முறை. ஒருவரை ஒருவர் அடிமை என்போம், திருடன் என்போம், யாருக்கும் கோபம் வரக்கூடாது. நாலு பேர் முன்னால் கேட்டதை மறுக்கவும் கூடாது. மறுத்தால் மானம் போயிற்று.

"காலை நீட்டுடா, அடிமை," என்பேன் கட்டு மாற்றப் போகும்போது.

"எஜமான்கிட்ட மரியாதையா பேசுடி. உங்க செரேர் கூட்டத்துக்குச் சோறு போட்டா சட்டியையும் சேத்துத் தின்னும்."

"தின்னுட்டுப் போறோம். உன்னை மாதிரி அழுகிப் போகலையே. ஆஸ்பத்திரிக்கு வா."

"கண்ணுக்குட்டி முடியட்டும்க்கா. அது இல்லாம தாய்மாடு எப்படி நிக்கும்?"

அந்தக் கன்றுக்குட்டி ஒரு கண்காட்சிக்காக. நகரத்திலிருந்து அதை நடத்துகிற பெண் வந்தாள். தலையில் விலை உயர்ந்த துணி, மூக்கில் கைக்குட்டை. மாடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஐயா, தயவுசெஞ்சு கழுவிடாதீங்க. இந்த வாசனைதான் இதுக்கு உயிரே."

"அப்படியா? அப்போ கைக்குட்டையை எடுத்துட்டுச் சொல்லும்மா," என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் படம் எடுத்தாள். கட்டுப்போட்ட பாதத்தையும் எடுத்தாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. புண்ணைப் பார்த்து எனக்கு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

புண் ஆறவில்லை. இரண்டு விரல்கள் நீலமாகிக் கறுத்தன. நான் எடுத்துப் போடும் பழைய கட்டுகளை ராக்கி குப்பையில் போட்டுவிடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு காலை நான் போனபோது கட்டிலில் யேரோ இல்லை. முற்றத்தில் தாய்மாடு முழுசாக நின்றது. அதன் மடியைப் பார்த்தேன். என் கையுறை. புண் கழுவிவிட்டு நான் கழற்றி எறிந்த கையுறையில் மணலை நிரப்பிக் கட்டியிருந்தான். மாட்டுக்கு நாலு காம்புதானே, கட்டைவிரலை மட்டும் உள்ளே மடித்துத் தைத்திருந்தான். பக்கத்தில் கன்று. அதன் வெள்ளைத்தோல் எல்லாம் என் கட்டுத்துணி. மஞ்சள் கறை கழுத்தில், காய்ந்த ரத்தம் நெற்றியில். புள்ளி புள்ளியாக அழகாகப் பொருத்தியிருந்தான், நாசமாய்ப் போகிறவன். அதன்மேல் ஒரு பட்டாளம் ஈ.

"இதையெல்லாம் எங்கே வச்சு காயப் போட்டான்?" என்று ராக்கியைக் கேட்டேன்.

"அவர் கட்டில் கம்பியில," என்றாள். "தொடாதேன்னு என்னைத் திட்டுவார்."

சீழ்த்துணியும் ஈயும் கட்டிலில் இருந்தால் புண் எப்படி ஆறும்?

கடற்கரைக்குப் போனேன். படகுகள் வந்திருந்த நேரம், மீன்காரிகளும் சுமைக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். யேரோ சாக்கடை வாயில் குனிந்து நின்றான், கையில் ஒற்றைச் செருப்பு.

"எல்லாரும் கேளுங்க," என்று கத்தினேன். "இந்த ஃபுல்பே யாரு?"

"உன் அடிமை!" என்றாள் ஒரு மீன்காரி. நாலு பேர் சிரித்தார்கள்.

"அப்போ இவன் கால் யாரோடது?"

"உன்னோடது!"

"என் சொத்து தண்ணியில கெடந்து அழுகுது. தூக்கி வண்டியில போடுங்க."

யேரோவின் முகம் கறுத்தது. "அக்கா, கண்ணுக்குட்டிக்கு ஒரே ஒரு காதுதான் பாக்கி. இன்னிக்கு விட்டுடு. நாளைக்கு நானே வரேன்."

"பாருங்க, மாட்டேங்கறான்! செரேர்காரி கேட்டு ஃபுல்பே மாட்டேன்னு சொல்றான்!"

அவ்வளவுதான். கூட்டம் ஊளையிட்டது. ஒருவன் அவன் மூக்குக்கு நேராகக் கைகொட்டினான். யேரோவுக்குச் சிரிப்பதைத் தவிர வழியில்லை. சிரித்தபோதே கண்ணில் நீர் வந்தது. இரண்டு சுமைக்காரர்கள் அவனைத் தூக்கி, மீன் ஏற்றும் குதிரை வண்டியில் போட்டார்கள். கையிலிருந்த செருப்பை நான் பிடுங்கி எறிந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்றார் டாக்டர். அவன் உள்ளே கிடந்தபோது அந்தப் பெண் லாரியில் வந்து மாடுகளை ஏற்றிப் போனாள். கன்று அந்த ஒரு காது இல்லாமலே போனது. அதைத்தான் எல்லாரும் அதிகம் புகழ்ந்தார்களாம். புகழட்டும். தொட்டுப் பார்த்தவர்கள் கை கழுவினார்களா தெரியாது.

அவன் வீடு திரும்பிய அன்று கட்டு மாற்றப் போனேன்.

"எடுத்த விரல் எங்கேக்கா?"

"கபர்ஸ்தான்ல புதைச்சாச்சு."

"எந்தப் பக்கம்?"

"சொல்ல மாட்டேன்."

"சும்மா கேலிக்குக் கேட்டேன்."

கேலியாக இருக்கலாம். நான் நம்பவில்லை. இப்போதெல்லாம் பழைய கட்டுத்துணியை அவன் கண்ணெதிரே மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அந்தச் சாம்பலை அவன் பார்க்கிற பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை.