விளக்கை அணைத்துவிட்டுத் தேடினோம்

போன ஒக்டோபர் கடைசி ஞாயிறு, மாலை நாலு இருபது. எங்கள் குசினி அடுப்பிலிருந்த மணிக்கூடு மட்டும் ஐந்து இருபது என்று காட்டிக்கொண்டிருந்தது. அன்று அதிகாலைதான் ஜேர்மனியில் குளிர்காலத்துக்காக நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போயிருந்தது. நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கேட்டுக் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பதினேழு வயது மகளிடமிருந்து இரண்டு வரி. ஒரு ஆள் எங்களைப் பார்த்துக் கத்துகிறார், நாங்கள் வேறு பாதையால் போகிறோம் என்று எழுதியிருந்தாள். உடனே அவளுக்குப் போன் எடுத்தேன். மணி போகவில்லை. திரும்பவும் எடுத்தேன். பெண் குரலொன்று, நீங்கள் அழைத்தவர் இப்போது தொடர்பில் இல்லை என்றது.

நாங்கள் வுப்பர்டாலில் இருக்கிறோம். மகளும் அவளுடைய சிநேகிதியும் ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படிக்கிறவர்கள். சிநேகிதியின் அம்மாவும் அப்பாவும் கானாவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பிள்ளைக்குக் காடு மலையென்று நடப்பதென்றால் உயிர். ஒருநாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து நடைச் சப்பாத்து விற்கிற கடையின் விலைப் புத்தகத்தைப் புரட்டியபடி, "அன்ரி, இவ்வளவு படத்திலை ஒண்டிலையாவது என்ரை தலைமுடி மாதிரித் தலைமுடியோடை ஒராள் மலை ஏறுதோ எண்டு பாருங்கோ" என்று ஜேர்மனில் கேட்டாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒருவரும் இல்லை. எங்கள் நிறத்திலும் இல்லை. ஒரு பக்கத்தில் நாய் இருந்தது, அதுவும் பொன்னிறம். மூவரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் எங்கள் பிள்ளைகளைப் போன்றவர்களுக்குமாக ஞாயிற்றுக்கிழமை நடைக்குழு ஒன்று தொடங்க வேண்டும் என்று இரண்டு பேரும் வெளிக்கிட்டார்கள். இன்னொருத்தரின் காட்டுக்குள் விருந்தாளியாகப் போகாமல், தங்களுக்கும் உரிய இடமாக அதை நடந்து பழக வேண்டுமாம். முதல் நடைக்கு இரண்டு வாரம் இருந்தது. பாதை சரியா என்று பார்க்கத்தான் அன்று சாவர்லாந்து மலைக்காட்டுப் பக்கம் போயிருந்தார்கள். பாதை பிரிகிற இடங்களையெல்லாம் போனில் படம் எடுப்பது அவர்களின் வேலை.

எனக்குக் காடு பிடிக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து போருக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கிராமத்து அகதி முகாமில் இருந்தோம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அப்போது சட்டம். அந்த எல்லை முகாமுக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் எங்கேயோ ஓடியது. வேலியும் இல்லை, கோடும் இல்லை. எந்த மரம் உள்ளே, எந்த மரம் வெளியே என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒருவரும் அந்தப் பக்கமே போவதில்லை. பிறகு வதிவிட அனுமதி கிடைத்தது, குடியுரிமையும் கிடைத்தது. நான் படித்து ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். ஆனால் கால் மட்டும் காட்டுப் பக்கம் திரும்பவில்லை. வெளியே போவதென்றால் நாற்பது பேராகப் பூங்காவுக்குப் போவோம், இறைச்சி சுடுவோம், கரப்பந்து விளையாடுவோம். கூட்டமாக இருந்தால் யார் முறைத்துப் பார்த்தாலும் தெரியாது.

கணவர் வேலையில் நின்றார். சிநேகிதியின் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். காலை வேலை முடிந்து படுத்திருந்தார். தன் மகளிடமிருந்தும் செய்தி ஒன்றுமில்லை என்றார். கால் மணித்தியாலத்துக்குள் எங்கள் வாசலில் கார் நின்றது. பெற்றோர் கூட்டத்தில் தலையசைத்துக்கொள்வதைத் தவிர நாங்கள் இரண்டு பேரும் நின்று கதைத்ததே இல்லை. கையில் மா காய்ந்தபடியே ஏறி இருந்தேன்.

அவர் ஓட்டினார். நான் வாய் ஓயாமல் பேசினேன். மழை வருமா, அந்த ஆள் யார், போனில் சார்ஜ் இல்லையா, எதையும் யோசிக்காமல் செய்கிற பிள்ளை, எத்தனை தரம் சொன்னேன். வெளிச்சம் வேறு கெதியாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் போன கிழமை இருட்டிய நேரத்தை நம்பித்தான் புறப்பட்டிருக்கிறார்கள். இன்று ஒரு மணித்தியாலம் முந்தி இருட்டும்.

அவசர இலக்கத்துக்கு அடித்தேன். மறுமுனையில் ஆள் வந்ததும், "என்ரை மகளும் சிநேகிதியும், ஒராள் மண்ணிறம், மற்றவ கறுப்பு" என்று தொடங்கினேன். ஸ்டியரிங்கில் இருந்த ஒரு கையை எடுத்து அவர் என் முழங்காலை அழுத்தினார்.

"முதல்லை வயசைச் சொல்லுங்கோ," என்றார் மெல்ல. "பதினேழு வயசுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாதை தவறிட்டினம் எண்டு சொல்லுங்கோ. அவை எங்கடை பிள்ளைகளைப் பிள்ளைகளாத் தேடட்டும். நிறத்தைக் கடைசியிலை கேட்டால் சொல்லலாம்."

நாங்கள் பேசியது ஜேர்மன் மொழியில்தான். ஆனால் அது எனக்குத் தமிழில் சொன்னது போலத்தான் இன்னும் காதில் இருக்கிறது. அவர் சொன்னபடியே சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

காட்டோரத்துக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது பட்டுவிட்டது. பாதைகளைக் காட்டும் பெரிய பலகையிலிருந்த படத்தில் முதுகுப் பையோடு ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் பொலிஸ் வாகனம் ஒன்றும், அந்த ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையின் வாகனங்கள் இரண்டும் நின்றன. நீல விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. இளம் பொலிஸ்காரி ஒருவர் எங்களிடம் பெயர், உடுப்பு எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு தயங்கி, நாலேகால் மணியளவில் இந்தக் காட்டிலிருந்து இன்னொரு அழைப்பும் வந்தது என்றார். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் எடுத்திருக்கிறார். தொப்பிச் சட்டை போட்ட, சந்தேகத்துக்குரிய இரண்டு பேர் காட்டுக் குடிலொன்றைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கிறார்கள் என்று சொன்னாராம். அதைப் பார்க்க ஒரு வாகனம் ஏற்கெனவே மறுபக்கத்தால் வந்து, விளக்கடித்துத் தேடிவிட்டுப் போயிருக்கிறது.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. சிநேகிதியின் அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"அந்த ரெண்டு பேரும் இந்த ரெண்டு பேரும்தான்," என்றார்.

பொலிஸ்காரியின் முகம் சிவந்தது. அவர் ஓம் என்று தலையை ஆட்டினார்.

தீயணைப்புப் படைக்காரர்கள் நல்ல மனிதர்கள். ஞாயிறு மாலையில் வீட்டைவிட்டு ஓடி வந்திருந்தார்கள். பெரிய விளக்குகளைப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி மேலே ஏறினார்கள். நாங்களும் பின்னால் போனோம். வண்டுகள் தின்று பட்டுப்போன மரங்களையெல்லாம் வெட்டி விழுத்தியிருந்தார்கள். ஒரு சரிவு முழுக்க மொட்டை. வரைபடத்தில் பாதை இருந்தது, நிலத்தில் இல்லை. என் வீட்டுச் சப்பாத்து சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. ஒவ்வொரு தரம் பெயரைக் கூப்பிட்டுவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கேட்போம். ஒன்றும் இல்லை. ஒரு மணித்தியாலமாவது போயிருக்கும். சும்மா பாதை தவறினவர்கள் என்றால் குரல் கொடுத்திருப்பார்களே, விழுந்து கிடக்கிறார்களோ, அந்த ஆள் ஏதும் செய்துவிட்டானோ என்று என் மனம் ஓடாத இடமில்லை.

நடுவழியில் சிநேகிதியின் அம்மா நின்றுவிட்டார். படைக்குப் பொறுப்பான வயதான மனிதரிடம் போய், "தயவுசெய்து விளக்குகளை அணையுங்கோ. நீல விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கோ. நீங்கள் எல்லாரும் இஞ்சையே நில்லுங்கோ" என்றார்.

காணாமல்போன பிள்ளைகளை விளக்கை அணைத்துவிட்டா தேடுவது? எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. அந்த மனிதரும் ஒருகணம் விளங்காமல் பார்த்தார்.

"பிள்ளைகளுக்கு நாங்கள் தேடுறது தெரியாது. பொலிஸ் பிடிக்க வருது எண்டு நினைக்கினம்," என்றார் சிநேகிதியின் அம்மா.

அந்த மனிதர் உடனே கையை உயர்த்தினார். ஒவ்வொன்றாக விளக்குகள் அணைந்தன. காடு முழுக்கக் கறுத்துப்போனது. தன் சிறிய கைவிளக்கை மட்டும் என் கையில் தந்து, நிலத்தைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னார்.

நாங்கள் இரண்டு தாய்மாரும் தனியே முன்னுக்கு நடந்தோம். நான் மகளின் பெயரைக் கூப்பிட வாயெடுத்தேன். பெயர் வேண்டாம் என்று சிநேகிதியின் அம்மா தடுத்தார். பெயரைத்தான் எல்லோரும் கூப்பிட்டாயிற்றே. வீட்டில் மட்டும் சொல்கிற எதையாவது கத்துங்கள் என்றார். அந்த நேரத்தில் எனக்கு என்ன வரும்? பின்னேரங்களில் படிக்கட்டடியில் நின்று நான் கத்துகிறதுதான் வந்தது.

"பிள்ளை! புட்டு ஆறுது! எத்தினை தரம் கூப்பிடுறது? இறங்கி வாறியோ, நான் மேலை வரட்டோ?"

என் பக்கத்தில் அவர் தன் தாய்மொழியில் நீளமாக ஏதோ திட்டினார். அது திட்டுத்தான் என்று மொழி தெரியாமலே எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோம். மூன்றாம் தரம் புட்டு என்று கத்தும்போது எனக்கு அழுகை வந்து குரல் உடைந்துவிட்டது.

சரிவுக்குக் கீழே, வேரோடு சாய்ந்து கிடந்த மரமொன்றின் குழிக்குள்ளிருந்து சின்னக் குரல் ஒன்று கேட்டது.

"அம்மா, மெதுவாக் கதையுங்கோ. அவை இன்னும் நிக்கினம்."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இருவரும் நனைந்து, நடுங்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். காயம் ஒன்றும் இல்லை. என் மகளின் உள்ளங்கை சிநேகிதியின் வாயை இன்னும் பொத்தியிருந்தது.

காரில் ஹீற்றரைக் கூட்டிவிட்டுத்தான் கதை வெளியே வந்தது. இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டு அந்த ஆள் கத்தியிருக்கிறார்; பொலிஸுக்குச் சொல்லிவிட்டேன், அங்கேயே நில்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பயந்து மொட்டைச் சரிவால் இறங்கியிருக்கிறார்கள். அங்கே போன் வேலை செய்யவில்லை. பிறகு விளக்குகள் வந்தன. எழும்பி நிற்போம் என்று சிநேகிதி சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மா அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தது அது: ஓடாதே, ஒளிக்காதே, இரண்டு கையையும் தெரியக் காட்டு, நல்ல ஜேர்மனில் உரத்துப் பேசு. என் மகள் விடவில்லை. இழுத்து விழுத்திப் படுக்க வைத்து வாயைப் பொத்தியிருக்கிறாள்.

"அப்பிடிப் படுக்க வேணுமெண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான் அம்மா. ஆமி வந்தால் பற்றைக்குள்ளை படுத்து மூச்சுக் காட்டாமல் இருந்தனீங்கள் எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறீங்கள்."

நான் அதைப் பாடமாகச் சொன்னதேயில்லை. சோறு ஊட்டும்போதும் தலை வாரி இழுக்கும்போதும் கதையாகச் சொன்னது. யாழ்ப்பாணத்தில் என்னைக் காப்பாற்றியது இந்தக் குளிரில் என் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறது. கொஞ்சத் தூரம் போன பிறகு, காட்டில் தான் கத்தியது என்ன என்று சிநேகிதியின் அம்மா அவராகவே சொன்னார். குளியலறையில் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலை மூடாமல் விட்டது யார் என்று கேட்டாராம். பின்னுக்கு இருந்த இரண்டும் சிரிக்கத் தொடங்கின. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாளே வீட்டில் சொல்லிவிட்டேன்: இனிக் காடும் வேண்டாம், நடையும் வேண்டாம். கணவரும் ஓம் என்றார். மகள் கத்தவில்லை, அழவில்லை. "அப்ப காட்டை அந்த ஆளுக்கே விட்டுட்டு வாறதோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த இரண்டு வாரமும் என்னோடு அளந்துதான் பேசினாள். அலுவலகத்தில் கணக்குகள் எனக்குப் பிழைத்துக்கொண்டே இருந்தன. இரவில் எழும்பி அவளுடைய அறைக் கதவைத் திறந்து மூச்சுச் சத்தம் கேட்டுவிட்டு வந்து படுப்பேன். போகவிட்டால் என்ன நடக்குமோ என்று ஒரு பயம். போகவிடாவிட்டால் அவளும் என்னைப் போலவே ஒவ்வொரு மரத்துக்கும் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுவாளோ என்று இன்னொரு பயம். இதில் எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நடைக்குக் குறித்திருந்த ஞாயிறு வந்தது. பதினொரு பிள்ளைகள் வருவதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் உடுத்திக்கொண்டு, எதுவும் கேட்காமல் சோபாவில் இருந்தாள். நான் குசினியில் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். வாசல் மணி அடித்தது. திறந்தால் சிநேகிதியின் அம்மா. விலைச் சீட்டுக்கூடக் கழற்றாத புது நடைச் சப்பாத்து, தோளில் மழைச்சட்டை. கீழே தெருவில் அவருடைய மகள் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே வரவும் இல்லை, நான் என்ன முடிவெடுத்தேன் என்று கேட்கவும் இல்லை.

"வீட்டிலை இருந்தாலும் நீங்கள் பயப்பிடத்தான் போறீங்கள்," என்றார். "சப்பாத்தைப் போடுங்கோ, நடந்துகொண்டே பயப்பிடுவம்."

இன்றும் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளோடு நடக்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காடு என் மகளுக்கும் உரியது என்று வாயால் சொல்லத் தெரியாத நான், அதைக் காலால் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.