வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு

வேதியியல் நடத்துவதில் தப்பு செய்தால் அது பரீட்சைத் தாளில் தெரிந்துவிடும், ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளைக்கு "அடுத்து இதைப் படி" என்று சொல்வதில் தப்பு செய்தால், அது சில வருடம் கழித்துக் கடைவீதியில் எதிரே வந்து நின்று "நல்லா இருக்கீங்களா மிஸ்?" என்று கேட்கும்.

செஞ்சியில் ஓர் அரசுப் பள்ளியில் இந்த இரண்டு வேலையையும் பார்க்கிறேன். உங்களில் யார் தலையிலாவது 'உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்' என்கிற பொறுப்பைக் கட்டியிருந்தால், இதையெல்லாம் நான் விளக்கவே வேண்டாம். உங்களிடமும் இதே மாதிரி நாலு கதை இருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

முப்பது கலெக்டர்கள்

என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் அறிவோ அனுபவமோ காரணமில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு எனக்கு ஓய்வாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. "பிள்ளைகளின் கனவைக் கேளுங்கள்" என்று சொல்லி, ஒரு துணிப்பையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

நானும் கேட்டேன். முதல் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, என்னவாக ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதச் சொன்னேன். பிரித்துப் பார்த்தால் முப்பது பேருக்கு மேல் கலெக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன். மறுநாள் வராந்தாவில் செல்வி என்ற பெண் தனியாக மாட்டினாள். கலெக்டராக என்ன படிக்க வேண்டும் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அப்புறம் ஏன் எழுதினாய் என்றதற்கு அவள் சொன்னது: "வேற எதுனா எழுதுனா ஏன், எதுக்குன்னு கேப்பீங்க மிஸ். கலெக்டர்னு எழுதுனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சிறப்பு விருந்தினர்

பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்க ஒருவரை அழைத்து வந்தோம். வெளிநாட்டில் பெரிய வேலையில் இருந்துவிட்டு வந்தவர். செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, அப்படியே எங்கள் பள்ளிக்கும் வர ஒப்புக்கொண்டார். பிள்ளைகளை மைதானத்தில் வெயிலில் உட்கார வைத்து ஒன்றேகால் மணி நேரம் பேசினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பத்து வருடம் கழித்து எங்கே இருப்போம் என்று பார்க்க வேண்டுமாம். மூடினார்கள். இரண்டு பேர் அப்படியே தூங்கிவிட்டார்கள். "நான் பூஜ்யத்திலிருந்து தொடங்கியவன்" என்று அவர் மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் கை தட்டினேன்.

கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் முறைத்த முறைப்பில் ஒரு பெண் எழுந்து, "மொத மொதல்ல காலேஜ்ல சேரப் போனப்போ உங்களை யாரு சார் கூட்டினு போனாங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, அப்பாதான், காரில், பிரின்சிபால் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்றார். அந்தப் பெண் உட்காரவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்: "எங்களை யாரு சார் கூட்டினு போவாங்க?"

நல்ல மார்க்

தேவியின் நைனா மாவு மில்லில் வேலை செய்தார். மில்லில் மோட்டார் நின்றுபோனால் முதலில் கழற்றிப் பார்ப்பது தேவிதான். ப்ளஸ் டூவில் வேதியியலில் அவள்தான் எங்கள் பள்ளியில் முதல். என்னிடம் வந்து, "ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் சேரலாம்னு இருக்கறேன் மிஸ். கம்பெனில மெஷின்ல நிக்கணும்" என்றாள். நான் என்ன சொன்னேன் என்பது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "இவ்ளோ மார்க் வாங்கிட்டு ஸ்பேனர் புடிக்கவா போற? என்னை மாதிரி பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படி." அவள் எதிர்த்துப் பேசவில்லை. படித்தாள். எம்.எஸ்.சி.யும் முடித்தாள்.

போன ஆடித் தள்ளுபடியில் ஒரு புடவைக் கடைக்குப் போனேன். சீருடைப் புடவையில் நின்றுகொண்டு எனக்குப் புடவை பிரித்துப் போட்டது தேவி. எம்.எஸ்.சி. முடித்து இரண்டு வருடம் வேலை தேடியிருக்கிறாள். அவளோடு படித்த, ஆய்வகத்தில் குடுவைகளாக உடைத்த இன்னொரு பெண் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் இருக்கிறாளாம். கம்பெனி பஸ், கேன்டீன், வீடு கட்டுகிறாளாம். இதையெல்லாம் தேவி கோபமில்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். புடவையைத் தடவிக்கொண்டே நின்றேன். அவளே பேச்சை முடித்துவைத்தாள்: "எங்க கிளாஸ்ல நீங்க சொன்னதை அப்படியே கேட்டவ நான் ஒருத்திதான் மிஸ். இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும், பாருங்க."

அமாவாசை

மேல்மலையனூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், சங்கீதா. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் கிடையாது. அரசுக் கல்லூரியில் பி.காம். கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. காலை பத்து மணிக்கு விழுப்புரத்தில் இருக்க வேண்டும். நானே கூட வருகிறேன், எட்டு மணிக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு என்று சொல்லியிருந்தேன். இந்த ஒரு பெண்ணையாவது ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது. அவள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. மஞ்சள் புடவைகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு அமாவாசை, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஊரே திரண்டு போகிற நாள். வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி நானே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். வட்டத்துக்குள்ளேயே கறுப்பாக ஒரு பொட்டு இருந்ததைக் கவனிக்கவில்லை. வழக்கமாக அவள் ஊரில் நின்று வரும் பஸ்ஸை அன்று கோயில் ஸ்பெஷலாகப் போட்டுவிட்டார்கள். கோயிலில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புகிற ஸ்பெஷல் நடுவில் எங்கும் நிற்காது.

பதினோரு மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள். தலை முழுக்கப் புழுதி. விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது பி.காம். நிரம்பிவிட்டிருந்தது. அங்கிருந்த பேராசிரியர் நல்ல மனிதர். பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடமில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று சொல்லித் தேற்றினேன். அடுத்த வருஷம் அவள் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டாள். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு தடவைதான் பேசினாள்: "பதினோரு பஸ்ஸு காலியாப் போச்சு மிஸ். கை காட்டிக்கினே எண்ணினேன்."

காலியாக விடக்கூடாது

படித்து முடித்த ஒவ்வொருவரும் எங்கே சேர்ந்தார்கள் என்று கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது. ரேவதி வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்து, கல்யாணம் முடிந்து ஆரணிக்குப் போய்விட்டாள் என்றார். நர்சிங் படிப்புக்கு நானும் ரேவதியும் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டது அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

கட்டத்தில் கலை, அறிவியல், பொறியியல் எல்லாம் இருந்தது, கல்யாணம் இல்லை. மேலிடத்தில் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னபடியே ஏற்றினேன் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் சொன்னது: "காலியா விட்டா சிவப்பாக் காட்டும் மேடம். தொலைதூரக் கல்வின்னு போடுங்க. ஆரணி தூரம்தானே?"

யூசுப் பாய்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவர் யூசுப் பாய். அவர் மகள் நஸ்ரினுக்கு மருத்துவ நுழைவுத் தேர்வில் கொஞ்சத்தில் இடம் தவறிவிட்டது. இன்னொரு தடவை எழுதவா என்று கேட்க அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். நான் எல்லோருக்கும் சொல்கிறபடியே பேசினேன். ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம் பாய், பக்கத்திலேயே ஏதாவது டிகிரி சேருங்கள், பொண்ணு பாதுகாப்பாகப் போய் வரும் என்றேன். நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க பையன் இன்னா மிஸ் படிக்கிறான்?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாவது தடவை அதே தேர்வுக்குப் படிக்கிறான் என்றேன். அடுத்த வருடம் நஸ்ரினுக்கு இடம் கிடைத்தது; என் மகனுக்குக் கிடைக்கவில்லை. பாய் வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார், என் மகனைப் பற்றி விசாரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது, யோசனை கேட்க வந்த அன்று நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே அவர் கேட்டது: "எங்க புள்ளைக்கு மட்டும் ஏன் மிஸ் சின்னதா சொல்றீங்க?"

எத்தனை பேருக்கு வழி காட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், சக வழிகாட்டிகளே.