யுவஸ்ரீ எழுந்திருக்கவில்லை

யுவஸ்ரீ திமிர் பிடித்தவள் என்று எங்கள் விடுதிக் காப்பாளர் சொல்வார். அவருக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்? இரண்டு வருடமாக ஒரே அறையில் இருப்பவள் நான். அவள் குறட்டை விடுவது வரைக்கும் எனக்குத் தெரியும். திமிர் இல்லை, பிடிவாதம். அதற்குக் காரணம் இருக்கிறது.

சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாயிரம் பேர் படிக்கிறோம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசையில் கன்னடம், அடுத்ததில் தெலுங்கு, அதற்கடுத்து மதுரைத் தமிழ், மூலையில் இந்தி. யுவஸ்ரீ எந்த மேசையிலும் உட்காருவாள். எங்களைவிட நான்கு வயது பெரியவள். அவள் அப்பா ஆஞ்சப்பன் அஞ்செட்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர். பிளஸ் டூ முடித்ததும் ஓசூரில் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்து, நான்கு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் சட்டம் படிக்க வந்தாள். நான் ஜெயப்ரியா, கெலவரப்பள்ளிக்காரி. எங்களுக்கு அணைத் தண்ணீர் பாயும் நிலம் உண்டு, அதில் வேலை செய்ய ஆட்களும் உண்டு. முதல் நாள் அவளை "அக்கா" என்றேன்.

"ஒரே பெஞ்சுல உக்காரப் போறோம், அக்கா எதுக்கு? பேரச் சொல்லு" என்றாள்.

பெண்கள் விடுதியின் கேட்டை ஆறரை மணிக்கு மூடிவிடுவார்கள். பையன்களுக்குப் பத்து மணி. நூலகம் எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும். யாருக்காக என்று கேட்டால் பதில் வராது. புதன்கிழமைதோறும் கேன்டீனுக்குப் பின்னால் கூடி இதைப் பற்றி வாய் கிழியப் பேசுவோம். ஒரு நாள் எங்கள் விடுதி அனிதா எழுந்தாள்.

"கேட்டு மூடறாங்கன்னுதான் எங்கப்பா என்னை இங்க விட்டாரு. அதுவும் இல்லன்னா நாளைக்கே மாப்பிள்ள பாத்துருவாரு" என்றாள்.

அவள் சொன்னது பொய் இல்லை. அன்றைக்கு நானும் அவள் கட்சிதான். சேர்க்கை நாளில் என் அப்பா கேட் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டுவிட்டுத்தான் பாடத்தைப் பற்றியே கேட்டார்.

"நீ ஆறு மணிக்கே உள்ள போ, யாரு வேணாங்கறா?" என்றாள் யுவஸ்ரீ. "உங்கப்பாவுக்குப் பயந்துக்கினு என்னை எதுக்கு உள்ள வெச்சுப் பூட்டற?"

அனிதா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் போகவில்லை.

நூலகம் மூடும் எட்டு மணி வரைக்கும் எங்கள் கேட்டும் திறந்திருக்க வேண்டும் என்று ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை போராட்டம் தொடங்கியது. எங்கள் கேட் சக்கரத்தில் ஓடும் இரும்பு கேட். கேட்டை மூட முடியாதபடி, அது ஓடும் தரைக் கம்பியின் மேல் நான்கு நான்கு பேராக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி உட்காருவது என்று முடிவானது. யுவஸ்ரீயின் முறை இரண்டிலிருந்து நான்கு. மூன்றரை மணிக்கு மாணவர் பேரவைத் தலைவன் ஹரீஷ்குமார் பதிவாளரைப் பார்த்துவிட்டு வந்து, கமிட்டி போடுகிறார்கள், போராட்டம் வாபஸ் என்று வாட்ஸ்அப்பில் போட்டான். அந்தக் கமிட்டி இன்றுவரை கூடவில்லை. யுவஸ்ரீயோடு இருந்த மூன்று பேரும் டீ குடிக்கப் போன இடத்தில் செய்தியைப் பார்த்து, அப்படியே நழுவிவிட்டார்கள். அவள் கையில் போன் இல்லை. கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நாலரைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொளுத்தும் வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஓடினேன்.

"ரிலீவர் எங்க?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

கம்பெனியில் கழிவறைக்குப் போக வேண்டுமென்றாலும், தன் இடத்தில் நிற்க ரிலீவர் வந்த பிறகுதான் நகர வேண்டுமாம். போராட்டத்துக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"யாரக் கேட்டு வாபஸ் வாங்குனான்? ஆறரைக்கு அவனையா உள்ள வெச்சுப் பூட்டறாங்க?"

"அது இருக்கட்டும், எந்திரி. ஹாஸ்டல் சீட்டு போச்சுன்னா அஞ்செட்டியில இருந்து தெனமும் வந்து போக முடியுமா? மறுபடியும் கம்பெனிலதான் நிப்ப."

"தெரியும்" என்றாள். எழுந்திருக்கவில்லை.

நான் திரும்பி நடந்தேன். படி வரைக்கும் போனேன். எல்லாம் தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பி சுட்டது.

ஆறரைக்குக் காவலாளி சாந்தம்மா கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். "எம் பொழப்புல மண்ணப் போடாதீங்கம்மா."

"நீங்க தள்ளுனீங்க, நான் எந்திரிக்கலன்னு எழுதிக் குடுங்க. எம் பேரப் போடுங்க" என்றாள் யுவஸ்ரீ.

நூலகம் மூடும் எட்டு மணி வரைக்கும் கேட் திறந்தே இருந்தது. பதினோரு பெண்கள் புத்தகமும் கையுமாக எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். அதில் அனிதாவும் ஒருத்தி. எங்களைப் பார்க்காத மாதிரி போனாள்.

திங்கட்கிழமை விசாரணைக் கடிதம் வந்தது, யுவஸ்ரீக்கு மட்டும். என் அப்பாவை நிர்வாகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆஞ்சப்பனை யாருக்குத் தெரியும்? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூப்பிடாமலே அவளோடு போனேன்.

பதிவாளர் தன்மையாகத்தான் பேசினார். "வாபஸ் ஆனது தெரியாம உக்காந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. உன் சீட்டுக்கு நான் பொறுப்பு."

பாதி உண்மைதானே, எழுதித் தொலைக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். அவள் பேப்பரை வாங்கி எழுதினாள்: "நாலரை மணி வரை தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நாலரை முதல் எட்டு மணி வரை தெரிந்தே உட்கார்ந்திருந்தேன்." கீழே கையெழுத்துப் போட்டாள். நான் பேனாவை வாங்கி, 'நானும்' என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

"விசாரணைக் கடிதத்துல உன் பேரு இல்லையேம்மா" என்றார் பதிவாளர்.

"அதான் சார் எழுதறேன்."

இரண்டு பேருக்கும் ஒரு மாதம் விடுதி கிடையாது என்று உத்தரவு வந்தது. பையைக் கட்டும்போதுதான் யுவஸ்ரீயின் குரல் உடைந்தது. "எங்க ஊரு பஸ்ஸ நம்பி ஒம்போது மணி கிளாஸுக்கு வர முடியாது. ஒரு மாசம் அட்டெண்டன்ஸ் போனா பரீட்ச எழுத விட மாட்டாங்க" என்றாள்.

கெலவரப்பள்ளியிலிருந்து ஒன்பது மணிக்கு வந்துவிடலாம். ஆனால் எங்கள் நிலத்தில் வேலை செய்கிறவர்களும் அவள் சாதி ஆட்கள்தான். அவர்கள் யாரும் எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கொல்லையில் வைத்துத்தான் அவர்களுக்குச் சாப்பாடு. அதை நான் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் கத்தித் தீர்க்கும்வரை காத்திருந்தேன். பிறகு, யுவஸ்ரீ ஒரு மாதம் நம் வீட்டில், என் அறையில் இருப்பாள், நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவாள் என்றேன்.

"என்னக் கேக்காமயா?" என்றார்.

"கேக்கலப்பா. சொல்றேன்."