தொப்பி பறந்த மத்தியானம்

அந்த ஸ்டுடியோவில் எடுப்பதெல்லாம் பாஸ்போர்ட், லைசென்ஸ் படங்கள்தான். பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்ப்பவளின் வாயில் நாள் முழுக்க வருவது ஒன்றே ஒன்று: "நேரா பாருங்க, சிரிக்காதீங்க." அதனாலேயே தெருவில் அவளுக்கு 'சிரிக்காதீங்க அக்கா' என்று பெயர்.

ஒரு நாள், நாலு தடவை சிரிப்பை அடக்கச் சொல்லிப் படமெடுத்த பெண், வெளியே போனதும் தங்கையோடு ஒரே குடைக்குள் முட்டி மோதிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கேமராவோடு வாசலுக்கு ஓடி ஒரு படம் எடுத்துவிட்டாள். அன்று பிடித்த பைத்தியம்தான்; அதற்கப்புறம் சாப்பாட்டு இடைவேளையில் பாதி, சிரிப்பவர்களைத் தேடித் தெருவில்தான் போகும். எடுத்த படத்தை உரியவர் கையில் கொடுத்துவிடுவாள். வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுவாள்.

நாற்சந்தியில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு மத்தியானம் காற்றில் அவர் தொப்பி பறந்து சாலையில் உருண்டது. அவர் துரத்த, அது போக்குக் காட்ட, சிவப்பு விளக்கில் நின்றிருந்த பஸ் டிரைவர் குதித்திறங்கி லபக்கென்று பிடித்தார். பிடித்தவர் சும்மா கொடுக்காமல் அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். போலீஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவின் விரல் சும்மா இருக்குமா?

"படம் எடுக்க உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று அன்றிரவு அவள் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் நாற்சந்திக்குப் போய்ப் போலீஸ்காரரிடம் படத்தை நீட்டினாள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"கேட்டிருந்தா சிரிச்சிருப்பீங்களா சார்? பிடிக்கலைன்னா கிழிச்சுப் போட்டுடுங்க."

அவர் கிழிக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டு, "போங்க, போங்க, பச்சை விழுந்தாச்சு" என்றார்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி அந்தப் படத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். "துவைக்கப் போடும்போது பையில கிடைச்சுதுங்க. கல்யாண ஆல்பத்துல கூட இந்த மனுஷன் எதையோ பறிகொடுத்த மாதிரி நிப்பாரு. வாய்க்குள்ள இத்தனை பல்லு இருக்குன்னே இப்பத்தான் தெரியுது! பெருசா போட்டுக் குடுங்க, மாட்டணும்."

"சார் திட்ட மாட்டாரா?"

"திட்டட்டும். இந்தச் சிரிச்ச மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே வாங்கிக்கிறேன்."

பெரிய படத்தை வாங்கிப் போகும்போது குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் சந்தைக்கு வருவோம். வந்து பாருங்க. நான் கண்டுக்க மாட்டேன்."

இரண்டு ஞாயிறு அக்கா போனதுதான் மிச்சம். மனுஷர் மரம் மாதிரி பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது ஞாயிறு நெரிசலில் ஒரு வெங்காய வண்டி வேகமாக வந்தது. அவர் தன்னை மறந்து கையை உயர்த்தினார். வண்டிக்காரர் வெலவெலத்து அப்படியே நின்றுவிட்டார். மனைவி அவர் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரிக்க, அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

கேமரா சத்தம் கேட்டுத் திரும்பினார். "இங்கயுமா?" என்றவர், ஓரடி நெருங்கி, "சரி, எப்படி வந்திருக்குன்னு காட்டுங்க" என்றார். கேமராவின் சின்னத் திரைமேல் மூன்று தலைகள் கவிழ்ந்தன.

பின்னாலிருந்து வண்டிக்காரரின் குரல் கெஞ்சியது: "சார், நான் போகலாமா?"